பாதியாய்ப் பயணம் செய்த நூல்: அல்ஜப்ராவும் பாகப்பிரிவினையும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் பள்ளிகளில் எட்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் பயிலும் நம் பிள்ளைகளிடம் ஒரு சூத்திரத்தைக் கொடுத்து, அதிலுள்ள ஒரு மாறியை மட்டும் சமக்குறியின் ஒரு புறத்தே தனித்து நிறுத்துமாறு கேட்டால், பெரும்பாலோர் தயங்காமல் செய்துவிடுவர். இப்புறம் கூட்டலாக இருப்பது அப்புறம் சென்றால் கழித்தலாகும். இப்புறம் பெருக்கல், அப்புறம் வகுத்தல். ஏன் அவ்வாறு மாற வேண்டும் என்று அடுத்த வினாவை எழுப்பினால் விடை வருவதில்லை. விதி அப்படி என்பதே விடையாகிறது.

அதே மாவட்டத்தின் வி.களத்தூரிலோ, வெள்ளாற்றங்கரை லெப்பைக்குடிகாட்டிலோ ஒரு குடும்பத் தலைவர் மறைந்தால், சில மாதங்கள் கழித்து ஓர் ஆலிமிடம் வாரிசுகள் வந்து அமர்கின்றனர். அவர் ஒரு தாளில் எட்டில் ஒன்று, ஆறில் ஒன்று, எஞ்சியது இவர்களுக்கு என்று எழுதிக் கொடுக்கிறார். வாங்கிச் செல்வோரில் எத்தனை பேர் அந்தக் கணக்கின் நடையைப் பின்தொடர்கிறார்கள் என்பதும் கேட்கத்தக்க வினாவே.

பள்ளிக்கூடத்து அல்ஜப்ராவும் ஆலிமின் தாளும் ஒரு காலத்தில் ஒரே நூலின் இரு பகுதிகளாக இருந்தன. அவை எவ்வாறு பிரிந்தன, பிரிந்ததால் நாம் எதை இழந்தோம் என்பதையே இங்கு எழுத முற்படுகிறோம்.

அப்பாஸிய கலீஃபா மஃமூன் ஆட்சி செய்த காலம் 813 முதல் 833 வரை. அவருடைய ஆதரவில் பக்தாதில் பணியாற்றிய முஹம்மத் இப்னு மூஸா அல்-குவாரிஸ்மி, ஏறத்தாழ 820ஆம் ஆண்டையொட்டி, ஜப்ர், முகாபலா ஆகிய இரு செயல்களின் பெயரால் ஒரு சுருக்க நூலை எழுதினார். அரபியில் 'அல்-கிதாபுல் முக்தஸர் ஃபீ ஹிஸாபில் ஜப்ரி வல் முகாபலா' என்பது அதன் பெயர். அறிஞர்கள் வியப்பதற்கென்று அவர் அதை எழுதவில்லை. வாரிசுரிமை, மரண சாசனம், பாகப்பிரிவினை, வழக்கு, வணிகம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் என மக்களுக்கு அன்றாடம் தேவைப்படும் கணக்குகளுக்கு உதவுவதே நோக்கம் என்று முன்னுரையில் தெரிவிக்கிறார். அது வெறும் முகவுரைப் பணிவு என்று எண்ணிவிட வேண்டாம். நூலின் ஏறத்தாழப் பாதி வஸிய்யத்துக் கணக்குகளாலேயே நிரம்பியிருக்கிறது.

ஜப்ர் என்னும் சொல் நமக்கு அந்நியமானதன்று. இரு ஸஜ்தாக்களுக்கு இடையே அமர்ந்து ஓதும் துஆவில் வரும் 'வஜ்புர்னீ' என்பது அதே வேரிலிருந்து வந்தது. குறைந்ததை நிறைவாக்கு, உடைந்ததைச் சேர்த்து வை என்பது அதன் பொருள். எலும்பு முறிவுக்குக் கட்டும் கட்டின்மீது மஸஹு செய்வதைப் பற்றிய ஃபிக்ஹுப் பாடத்தில் 'ஜபீரா' என்று படிக்கிறோமே, அதுவும் இதே வேர்தான். ஸ்பானிய மொழியில் அல்ஜெப்ரிஸ்தா என்றால் நெடுங்காலம் எலும்பு முறிவு வைத்தியர் என்றே பொருள். 1615இல் வெளிவந்த டான் குவிக்ஸோட் இரண்டாம் பாகத்தில் விழுந்து அடிபட்ட ஒருவருக்கு வைத்தியம் செய்ய வருபவர் ஓர் அல்ஜெப்ரிஸ்தாவே. முகாபலா என்பது எதிரெதிரே நிறுத்துதல். கிப்லாவும் அதே வேரில் பிறந்த சொல்.

கணக்கில் இவற்றின் வேலை என்ன? ஒரு பொருளிலிருந்து மூன்றைக் கழித்தால் ஏழு என்று வைத்துக்கொள்வோம். அப்பொருள் மூன்று குறைந்து, முறிந்து நிற்கிறது. அந்த மூன்றைத் திருப்பிக் கொடுத்து அதை முழுமையாக்குகிறோம். தராசின் ஒரு தட்டில் மூன்றை வைத்தால் மறு தட்டிலும் மூன்றை வைத்தாக வேண்டும். இல்லையேல் தட்டு சாய்ந்துவிடும். ஆகவே பொருள் பத்து. இது ஜப்ர். இரு தட்டிலும் ஒரே வகைப் பொருள் இருந்தால், சம அளவை இரண்டிலிருந்தும் எடுத்துவிடலாம். இது முகாபலா. கழித்தல் எங்கும் பயணம் செய்து கூட்டலாக உருமாறவில்லை. இரு பக்கத்துக்கும் ஒரே நீதி செய்யப்பட்டது, அவ்வளவே. 'பக்கம் மாறினால் குறி மாறும்' என்ற பள்ளிக்கூட விதி இந்தச் செயலின் நிழல் மட்டுமே. சூரா அர்ரஹ்மான் வானத்தை உயர்த்தியதைச் சொன்ன கையோடு மீஸானை, அதாவது தராசை நிறுத்தியதையும் சொல்கிறது என்பதை அறிந்த ஒரு பிள்ளைக்கு, சமக்குறியைத் தராசின் முள்ளாகக் காண்பது கடினமா என்ன?

அல்-குவாரிஸ்மியின் நூலில் சமக்குறி கிடையாது. எழுத்துகளும் குறிகளும் இல்லை. எண்களைக்கூடச் சொற்களாலேயே எழுதினார். தெரியாத அளவை அவர் 'ஷய்உ' என்றார். 'ஒரு பொருள்' என்பது அதன் பொருள். அதன் வர்க்கத்தை 'மால்' என்றார். செல்வம் என்று நாம் புழங்கும் அதே மால். இன்று நாம் எழுதும் சமக்குறியை 1557இல் இங்கிலாந்தின் ராபர்ட் ரெக்கார்டு அச்சேற்றினார். தெரிந்த அளவுகளுக்கும் எழுத்துகளையே இட்டு, ஒரு வகைக் கணக்குகள் அனைத்துக்கும் ஒரே சூத்திரம் எழுதும் வழக்கத்தை 1591இல் பிரெஞ்சுக்காரர் வியத் தொடங்கினார். (இன்று உலகெங்கும் தெரியாத அளவைக் குறிக்கும் எக்ஸ், ஷய்உ என்ற சொல்லின் ஸ்பானியத் திரிபு என்று நம்மவர் பலர் மகிழ்ந்து பகிர்வதுண்டு. அதற்கு உறுதியான சான்று கிடையாது. 1637இல் டேக்கார்ட் எழுத்து வரிசையின் கடைசி எழுத்துகளைத் தெரியாத அளவுகளுக்கு ஒதுக்கினார் என்பதே சான்றுள்ள செய்தி. இல்லாத பெருமையைச் சேர்த்துக்கொள்ளும் தேவை நமக்கில்லை, உள்ளதே போதுமானது.)

இனி, வஸிய்யத்துப் பகுதியின் தொடக்கத்தில் அவர் எடுத்துக்கொள்ளும் கணக்கை நம் சொற்களில் பார்ப்போம். ஒருவர் இரு மகன்களை விட்டு மறைகிறார். கையிலுள்ள சொத்து பத்துத் திர்ஹம். இன்னொரு பத்துத் திர்ஹம் ஒரு மகனிடம் கடனாக நிற்கிறது. சொத்தில் மூன்றில் ஒன்றை உறவினரல்லாத ஒருவருக்கு வஸிய்யத்துச் செய்திருக்கிறார். யாருக்கு எவ்வளவு?

திர்ஹத்தை இலட்சம் என்று மாற்றி, மகன் வளைகுடா செல்வதற்குத் தந்தை கடன் கொடுத்தார் என்று வைத்தால், இது நம் ஊர்க் கணக்கு. குடும்பங்களில் மனத்தாங்கல் பிறக்கும் இடமும் இதுவே. கடன் வாங்கியவரிடம் இப்போது பணம் இல்லை. மற்றவர், 'அவன் தன் பங்கை ஏற்கெனவே வாங்கிவிட்டான்' என்கிறார். வஸிய்யத்துக்குரியவர், 'எனக்கு எதில் மூன்றில் ஒன்று? பத்திலா, இருபதிலா?' என்கிறார். மூவர் சொல்வதிலும் ஓரளவு நியாயம் உண்டு. அதனால்தான் பேச்சு முடிவதில்லை.

முடிச்சு இருக்குமிடத்தை அல்-குவாரிஸ்மி நேரே தொடுகிறார். கடன்பட்ட மகன் தன் பங்கின் அளவுக்குக் கடனைக் கழித்துக்கொள்வார். ஆனால் அவர் பங்கு எவ்வளவு என்பது மொத்தச் சொத்தைப் பொறுத்தது. மொத்தச் சொத்தோ, கடனிலிருந்து எவ்வளவு வரவு வைக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது. தேடும் பொருள் சமன்பாட்டின் இரு பக்கங்களிலும் அமர்ந்திருக்கிறது. கையால் எண்ணிப் பிரிக்க முனைவோர் இங்கேதான் சுற்றிச் சுற்றி வருவர்.

கடனிலிருந்து வரவாகும் தொகையை 'ஒரு பொருள்' என்று வைக்கிறார் அவர். மொத்தம் பத்தும் ஒரு பொருளும். மூன்றில் ஒன்று வஸிய்யத்துக்குப் போனால் எஞ்சுவது ஆறும் மூன்றில் இரண்டும், அத்துடன் பொருளில் மூன்றில் இரண்டு. இரு மகன்களுக்கும் சரிபாதி பிரித்தால் ஒருவருக்கு மூன்றும் மூன்றில் ஒன்றும், அத்துடன் பொருளில் மூன்றில் ஒன்று. இதுவே கடன்பட்ட மகனின் பங்கு. அதாவது, இதுவே அந்தப் பொருள். இப்போது இரு தட்டிலிருந்தும் பொருளில் மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால், பொருளில் மூன்றில் இரண்டு என்பது மூன்றும் மூன்றில் ஒன்றும் ஆகிறது. பொருள் ஐந்து. சரிபார்ப்போம்: மொத்தம் பதினைந்து, வஸிய்யத்துக்கு ஐந்து, ஒரு மகனுக்கு ஐந்து, கடன்பட்டவருக்குக் கடனிலிருந்தே ஐந்து. கையிலிருந்த பத்து, முதலிருவருக்கும் ஐந்தைந்தாகப் போய்விட்டது.

கடனில் மிஞ்சிய ஐந்து என்னவாயிற்று? 1831இல் இலண்டனில் இந்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்த ஃபிரடெரிக் ரோசன், இக்கணக்குகளின் பின்னாலுள்ள விதியை விளக்குகிறார்: கடன் பங்கைவிட மிகுந்தால், மிகுதி தந்தை தந்த கொடையாகக் கொள்ளப்படுகிறது. அது அந்தக் கணக்கின் ஏற்பாடு. இன்று ஒரு குடும்பத்தில் அத்தகைய கடன் நின்றால், மிகுதியை எவ்வாறு கொள்வது என்பதை ஆலிம்களிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். அல்ஜப்ரா அதற்குத் தீர்ப்புச் சொல்லாது. சட்டம் ஏற்பாட்டைச் சொன்ன பிறகு, அந்த ஏற்பாடு யாருக்கு எவ்வளவு தருகிறது என்பதைப் பக்கச் சாய்வின்றிச் சொல்வதே அதன் பணி.

இதே கணக்கை இன்றைய முறையில் எழுத்துகளால் எழுதினால் அதன் பலம் இன்னும் விளங்கும். கையிலுள்ள சொத்து 'ச', மகன்களின் எண்ணிக்கை 'ம', ஒருவரின் பங்கு 'ப' என்க. வஸிய்யத்து மூன்றில் ஒன்றே. அப்போது ப × ம = (2 ÷ 3) × (ச + ப). இரு பக்கத்தையும் மூன்றால் பெருக்கினால் 3மப = 2ச + 2ப. இரு பக்கத்திலிருந்தும் 2ப எடுத்தால் ப(3ம − 2) = 2ச. ஆக, ப = 2ச ÷ (3ம − 2). இரண்டு மகன், பத்து இலட்சம் என்றால் 20 ÷ 4 = 5. மூன்று மகன், பதினான்கு இலட்சம் என்றால் 28 ÷ 7 = 4. ஒரு முறை தனித்து நிறுத்திவிட்டால், அதே அமைப்புடைய எல்லாக் குடும்பங்களுக்கும் விடை ஆயத்தமாக இருக்கிறது. கூர்ந்து பார்த்தால் இன்னொன்றும் புலப்படும். கடன் தொகையே இச்சூத்திரத்தில் இல்லை! பங்கைவிட மிகுந்திருக்கும்வரை கடன் பத்து ஆனாலும் முப்பது ஆனாலும், மேற்சொன்ன ஏற்பாட்டின்படி பங்கு மாறாது. சொற்களில் நீண்ட விவாதம் நடத்தினாலும் இது கண்ணில் படாது. மாறியைத் தனித்து நிறுத்தியதும் உடனே தெரிந்துவிடுகிறது.

இக்கலை முழுவதும் பக்தாதில் முளைத்தது என்று சொல்வது நேர்மையாகாது. தெரிந்த விடையிலிருந்து பின்னோக்கி நடந்து, பெருக்கியதை வகுத்து, கூட்டியதைக் கழித்துத் தொடக்கத்தை அடையும் தலைகீழ் முறையை 499இல் ஆரியபட்டர் கூறியிருந்தார். 628இல் பிரம்மகுப்தர் குறை எண்களுக்குக் கடன் என்றும் நிறை எண்களுக்குச் செல்வம் என்றும் பொருள்படும் பெயரிட்டு, அவற்றைக் கூட்டவும் பெருக்கவும் விதிகள் வகுத்தார். அல்-குவாரிஸ்மி அந்தத் துணிவை மேற்கொள்ளவில்லை. குறை எண் அவருடைய விடையில் வராது. ஆனால் இந்திய எண்களைக் கொண்டு கணக்கிடுவது எப்படி என்று தனி நூல் எழுதி, அவற்றை அரபுலகுக்கும் பின்னர் ஐரோப்பாவுக்கும் எடுத்துச் சென்றவர்களில் அவர் தலையாயவர். இரு நூற்றாண்டு கழித்து அல்-பீரூனி, இந்தியரின் மூவிலக்க விதியைப் பற்றியே தனி அரபு நூல் எழுதினார். மூன்று அளவு தெரிந்தால் நான்காவதைக் காணும் அவ்விதியும் தேடும் பொருளைத் தனித்து நிறுத்தும் வேலையே.

நம் மண்ணிலும் அந்த வேலை நடந்துகொண்டிருந்தது. அரியலூர் மாவட்டத்தின் கங்கைகொண்ட சோழபுரம், பதினோராம் நூற்றாண்டில் முதலாம் இராசேந்திரன் எழுப்பிய தலைநகரம். சோழ அரசின் நில வரி, நெல் வரவு ஆகியவற்றுக்கான கணக்கு முழுதும் பின்னக் கணக்கு: இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி, முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி; முந்திரிக்குக் கீழும் பின்னம் இறங்கிச் சென்றது. பொன்னி நாட்டுக் கொறுக்கையூர்க் காரி நாயனாரின் கணக்கதிகாரம், நிலமும் நெல்லும் பொன்னும் சார்ந்த இத்தகைய கணக்குகளைச் செய்யுளில் கூறும் நூல். திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் எண்சுவடியை உரக்கச் சொல்லி மனனம் செய்தனர். எட்டில் ஒன்று, ஆறில் ஒன்று என்ற ஃபராயிள் பின்னங்கள் இந்நாட்டில் வேரூன்றியபோது, பின்னம் என்பது இங்கு யாரையும் மிரட்டியிருக்க வழியில்லை. அரைக்கால் என்றாலே எட்டில் ஒன்றுதானே; பிள்ளைகளுள்ள ஒருவர் மறைந்தால் அவர் மனைவிக்குரிய பங்கின் தமிழ்ப் பெயர் அது.

இப்போது நூல் எவ்வாறு பாதியாயிற்று என்பதற்கு வருவோம். 1145இல் ஸ்பெயினின் செகோவியாவில் செஸ்டர் ராபர்ட் என்பவர் அல்-குவாரிஸ்மியை இலத்தீனில் பெயர்த்தார். அதே நூற்றாண்டில் தொலேதோவில் கிரெமோனாவின் ஜெரார்டும் பெயர்த்தார். இவ்விரு பெயர்ப்புகளிலும் வஸிய்யத்துப் பகுதி இடம்பெறவில்லை. காரணம் எளிது: இஸ்லாமிய வாரிசுச் சட்டத்தை அறியாத வாசகருக்கு அக்கணக்குகள் பொருள்படா. ஐரோப்பாவுக்குச் சென்றது முதற்பாதி மட்டுமே. அது அங்கே வளர்ந்து, குறிகளைப் பெற்று, இயற்பியலின் மொழியாகி, காலனி ஆட்சிக் காலத்தில் பாடநூல் வடிவில் நம் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தது. வந்தபோது அதில் தந்தையும் இல்லை, மகனும் இல்லை, கடனும் இல்லை. ஓர் எழுத்தை இன்னோர் எழுத்திலிருந்து பிரித்தெடு என்ற கட்டளை மட்டும் இருந்தது. நம் பிள்ளைகள் 'ஏன்' என்ற வினாவுக்கு விடையின்றி நிற்பதில் வியப்பில்லை.

மறுபாதி மத்ரஸாக்களில் தங்கியது. சூரா அந்நிஸாவின் 11, 12, 176ஆம் வசனங்களே அதன் அடித்தளம். அங்கும் கணக்கின் நேர்த்தி குறைந்ததில்லை. உமர் (ரலி) அவர்களின் கிலாஃபத்தில் ஒரு பெண் கணவரையும் இரு சகோதரிகளையும் விட்டு மறைந்தார். கணவருக்குப் பாதி, சகோதரிகள் இருவருக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. கூட்டினால் ஒன்றைத் தாண்டிவிடுகிறது. ஆறு பங்குக்கு ஏழு பங்கு கேட்கும் நிலை. தோழர்களோடு கலந்தாலோசித்து, ஆறை ஏழாக்கி, அனைவர் பங்கையும் ஒரே விகிதத்தில் குறைத்தார்கள். இதுவே அவ்ல். இப்னு அப்பாஸ் (ரலி) பின்னர் இதில் மாற்றுக் கருத்துக் கொண்டிருந்தார்கள் என்பதும் பதிவாகியுள்ளது. அலீ (ரலி) அவர்கள் மிம்பரில் நின்றிருக்கையில் ஒருவர் கேட்டதாகக் கூறப்படும் வினா இன்னும் புகழ்பெற்றது: மனைவி, இரு மகள்கள், தாய், தந்தை. இருபத்து நான்கில் முறையே மூன்று, பதினாறு, நான்கு, நான்கு, கூட்டினால் இருபத்தேழு. மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாயிற்று என்று உரையை நிறுத்தாமலே விடை சொன்னார்கள் என்பர். இருபத்தேழில் மூன்று, ஒன்பதில் ஒன்றேயல்லவா.

ஆனால் மத்ரஸாவில் தங்கிய பாதி, மெல்ல மெல்ல ஆலிம்களின் தனிக்கலையாக ஒடுங்கியது. பிள்ளைகள் பள்ளியில் ஒரு பாதியையும் மக்தபில் மறுபாதியின் பெயரையும் கேட்டு வளர்கின்றனர். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துக் காட்டுவோர் அரிது.

சொற்கள் மட்டும் பிரியாமல் இருக்கின்றன. பெரம்பலூர் வட்டாரம் வாலிகண்டபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு பதினேழாம் நூற்றாண்டில் பிஜாப்பூரின் ஆளுநர் ஷேர்கான் லோதியின் கீழ் இருந்தது. 1677இல் சிவாஜியின் படை அவரை வென்றது. பின்னர் ஆர்க்காட்டு நவாபின் ஆட்சி. ரஞ்சன்குடிக் கோட்டை அந்த நூற்றாண்டுகளின் எச்சம். 1751இல் சந்தா சாகிபுக்கும் முஹம்மத் அலீக்கும் இடையிலான போர் இப்பகுதியையும் தொட்டது. படைகள் போயின, கணக்குச் சொற்கள் தங்கின. அசல், பாக்கி, வசூல், மகசூல். நான்கும் அரபு வேரின. கடன் கொடுத்தவர் 'அசல் எவ்வளவு' என்கிறார். ஃபராயிளில் பங்குகளுக்குப் பொதுவான பகுதி எண்ணை 'அஸ்லுல் மஸ்அலா' என்று ஆலிம் அழைக்கிறார். மளிகைக் கடைக்காரர் 'பாக்கி' என்கிறார். குறித்த பங்குகள் போக மகன்களுக்குச் சேருவதும் 'பாக்கி'யே. மதம் வேறான அண்டை வீட்டாரும் இச்சொற்களால்தான் அன்றாடம் கணக்குப் பார்க்கின்றனர். (பெரம்பலூர் மாவட்டம் 1995இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்தது, அரியலூர் 2001இல் அதிலிருந்து பிரிந்து, 2002இல் மீண்டும் சேர்ந்து, 2007இல் மறுபடி பிரிந்தது. ஓர் உறுப்பை இப்புறமும் அப்புறமும் மாற்றி எழுதும் பயிற்சியை அரசிதழே செய்து காட்டியிருக்கிறது!)

சட்டத்தின் வரலாற்றிலும் ஒரு பாதி நெடுநாள் விடுபட்டிருந்தது. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம், முஸ்லிம்களின் வாரிசுரிமைக்கு வழக்காறு செல்லாது, ஷரீஅத்தே செல்லும் என்றது. ஆனால் விவசாய நிலத்தை விலக்கி வைத்தது. மானாவாரிப் பருத்தியும் சோளமும் விளையும் இத்தகைய வட்டாரங்களில் நிலம்தான் சொத்து. நிலத்தை விலக்கிவிட்டு மகள்களுக்குப் பங்கு என்பது எத்தகைய பங்கு? 1949இல் சென்னை மாகாண அரசு திருத்தச் சட்டம் கொணர்ந்து அந்த விலக்கை நீக்கியது. அன்றுமுதல் நஞ்சையும் புஞ்சையும் கணக்குக்குள் வந்துவிட்டன. ஏட்டில் வந்தது வீட்டில் முழுமையாக வந்துவிட்டதா என்பதை ஒவ்வோர் ஊர் ஜமாஅத்தும் தன்னைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். சகோதரிக்குரிய பங்கைத் தராமல் காலம் கடத்துவோர் சொல்லும் காரணங்களுள் 'கணக்கு ரொம்பச் சிக்கல்' என்பது மிகப் பழையது. நம் பார்வையில் அது மிகப் பலவீனமானதும் கூட.

அன்றாட மார்க்கக் கடமைகளிலும் இதே கலை எளிய வடிவில் நிற்கிறது. மழையால் விளைந்ததில் பத்தில் ஒன்றும், நீர் இறைத்து விளைவித்ததில் இருபதில் ஒன்றும் உஷ்ர் என்பது நபி (ஸல்) அவர்கள் வகுத்தது. ஒருவர் மானாவாரியிலும் கிணற்றுப் பாசனத்திலுமாக 260 மூட்டை மக்காச்சோளம் எடுத்து, 20 மூட்டை உஷ்ர் கொடுத்தார் என்றால் மானாவாரி விளைச்சல் எவ்வளவு? அதை 'ஒரு பொருள்' என்று வையுங்கள். பொருளில் பத்தில் ஒன்றும், 260இலிருந்து பொருள் போக மிஞ்சியதில் இருபதில் ஒன்றும் சேர்ந்து 20. இரு தட்டையும் இருபதால் பெருக்கினால், இரண்டு பொருளும் 260உம் சேர்ந்து, அதில் ஒரு பொருள் குறைந்தால் 400. ஆகப் பொருள் 140. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை களத்து மேட்டில் நின்றே போடக்கூடிய கணக்கு.

பங்கைக் காண்பதற்கு மட்டுமன்றி, பங்கிலிருந்து திரும்பி நடப்பதற்கும் சூத்திரம் உதவும். ஒருவர் மனைவி, இரு மகன்கள், ஒரு மகள் ஆகியோரை விட்டு மறைகிறார், பெற்றோர் முன்பே மறைந்துவிட்டனர், அடக்கச் செலவும் கடனும் தீர்ந்தன, வஸிய்யத்து இல்லை. மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சிய எட்டில் ஏழை, மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என ஐந்து கூறாக்கினால் மகளின் பங்கு நாற்பதில் ஏழு. அதாவது ப = 7ச ÷ 40. இதைத் திருப்பி, சொத்தைத் தனித்து நிறுத்தினால் ச = 40ப ÷ 7.

அம்மகளிடம் அண்ணன்மார் மூன்றரை இலட்சம் ரூபாயைக் கொடுத்து, 'இதுதானம்மா உன் பங்கு' என்கிறார்கள் என்று வைப்போம். அவர் நாற்பதால் பெருக்கி ஏழால் வகுக்கிறார். இருபது இலட்சம் வருகிறது. தாய்க்கு இரண்டரை, அண்ணன்மாருக்கு ஏழு ஏழு, தமக்கு மூன்றரை, கூட்டினாலும் இருபதே. கணக்குப் பிழையில்லை. இனி அவர் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: வாப்பாவின் வீடும் புஞ்சையும் சேர்ந்து இருபது இலட்சம்தானா?